மறுநாள் யார் தண்ணீர் ஊற்றுவது?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அன்றாடச் சடங்குகளையும் நகரத்துப் பசுமையையும் வைத்துப் பலர் சேர்ந்து உருவாக்கும் கலை பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட முயற்சிகள் இன்று நம் ஊர்களில் நிறையவே நடக்கின்றன. மேம்பாலத் தூண்களில் கோலம் வரைகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுச்சுவரில் மரமும் பறவையும் தீட்டுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்பே திரண்டு கன்று நடுகிறது. இவற்றில் ஈடுபடும் யாருடைய உழைப்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். மறுநாள் யார் தண்ணீர் ஊற்றுவது?

சடங்குக்கு உயிர் கொடுப்பது அது திரும்பத் திரும்ப நடப்பதுதான். இன்று இன்னார் முறை, நாளை இன்னார் முறை என்று ஓர் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. சடங்கைத் தொட்டு உருவாகும் கலை, அதன் கோட்டையும் வண்ணத்தையும் எடுத்துக்கொள்வதோடு அந்த முறையையும் தலையில் ஏற்றிக்கொண்டால்தான் நிலைக்கும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு நம் வாசலிலிருந்தும், ஜெர்மனியின் ஒரு நகரத்திலிருந்தும், நியூயார்க் நகரத்தின் குப்பை வண்டிகளிலிருந்தும் சான்று காட்டுகிறேன்.

வாசலும் முளைப்பாரியும்

கோலம் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பழகியதாலேயே அதில் என்னென்ன நடக்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பொழுது விடிவதற்கு முன் வாசலைப் பெருக்க வேண்டும். தண்ணீர் தெளிக்க வேண்டும். சாணம் கிடைக்கிற ஊரில் சாணம் கரைத்துத் தெளிப்பார்கள். ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்துவிட வேண்டும். தரை காய்ந்துவிட்டால் மாவு பிடிக்காது, காற்றில் பறந்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவு ஒரே சீராக இறங்க வேண்டும். சிக்குக் கோலம் என்றால் இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இவ்வளவும் ஆனபிறகு பால்காரரின் வண்டி முதலில் அதன்மேல் ஏறும். பிறகு பள்ளிக்கூட வேன். பச்சரிசி மாவாக இருந்தால் எறும்புகள் தம் பங்கை எடுத்துப்போகும். மத்தியானத்துக்குள் கோலம் கலைந்துவிடும். மறுநாள் விடியலில் மீண்டும் விளக்குமாறு, வாளி, மாவுக் கிண்ணம்.

இதைப் போடுகிறவர் ஒருவர்தான் என்றாலும் தெரு முழுவதும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. வாசல் வெறுமையாக இருந்தால் அந்த வீட்டில் துக்கம், அல்லது யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று அக்கம்பக்கம் புரிந்துகொள்ளும், வந்து கேட்கும். வீட்டார் வெளியூர் போயிருந்தால் பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலோடு அந்த வாசலையும் தெளித்து இரண்டு இழை இழுத்துவிட்டுப் போவார். மார்கழியில் சாண உருண்டையில் செருகப் பூசணிப்பூ வேண்டுமென்றால், கூரையில் கொடி ஏற்றியிருக்கும் வீட்டில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். யாரும் எழுதிக் கையெழுத்துப் போடாத ஓர் உடன்படிக்கை அந்தத் தெருவில் தினமும் புதுப்பிக்கப்படுகிறது.

அதே கோலத்தை எனாமல் பெயிண்டில் தூண்மேல் வரையும்போது அது பல வருடம் அழியாமல் இருக்கிறது. அந்த வசதிக்காக நாம் இழப்பது பெரிது. விடிகாலையில் எழுந்து அந்தத் தூணடிக்கு யாரும் போக வேண்டியதில்லை. அதன்மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போனால், கிழித்தெடுக்கும் உரிமையோ கடமையோ தனக்கு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. புள்ளியும் இழையும் தூணுக்கு வந்துவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா வரவில்லை.

பசுமையும் சடங்கும் கூட்டுழைப்பும் ஒன்றாகக் கலந்த நம்முடைய இன்னொரு வழக்கம் முளைப்பாரி. தென்மாவட்டங்களில், மதுரை மாநகரத்தின் நெருக்கமான தெருக்களிலும்கூட, அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் வைக்கோல் பரப்பி, மண்ணும் பொடித்த எருவும் இட்டு, ஊறவைத்த பயறுகளையும் தானியங்களையும் தூவுவார்கள். வெயில் படாத அறையில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் முளைகள் பச்சை ஏறாமல், வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று உயரும். மாலையில் பெண்கள் கூடிக் கும்மியடிப்பார்கள். திருவிழா நாளில் பாரியைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய், கடைசியில் நீர்நிலையில் கரைத்துவிடுவார்கள்.

ஊர்வலம் ஒரு மாலை நேரம். அதற்கு முந்தைய ஏழு, ஒன்பது நாள் கவனிப்புதான் முளைப்பாரியின் பெரும்பகுதி. இன்னொன்றையும் பாருங்கள். சட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தாலும் எந்தச் சட்டி எந்த வீட்டுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றின் முளை சோர்ந்தால் மற்றவர்கள் கேட்பார்கள், கைகொடுப்பார்கள். பலர் சேர்ந்து செய்யும் வேலையில் பொறுப்பு கரைந்துபோகாமல் காப்பாற்றும் வழி அதில் இருக்கிறது. கூட்டுக் கலை செய்ய விரும்பும் ஒருவர் படிக்க வேண்டிய பாடம் அந்த இருட்டறையில் இருக்கிறது.

காசெல் நகரத்தின் ஏழாயிரம் மரங்கள்

ஜெர்மனியின் நடுப்பகுதியில் காசெல் என்று ஒரு நகரம். இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபர் 22 இரவு விழுந்த குண்டுகளில் அதன் நடுநகரம் எரிந்து அழிந்தது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். போருக்குப் பின் 1955-இல் அந்த நகரத்தில் ஒரு தேசியத் தோட்டக் கண்காட்சி நடந்தது. அதை ஒட்டி ஆர்னோல்ட் போடெ என்ற ஓவியப் பேராசிரியர் ஒரு நவீனக் கலைக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார். அதுதான் டாக்குமெண்டா. இன்று உலகின் முதன்மையான கலைக் கண்காட்சிகளில் ஒன்றாக இருப்பது, ஒரு பூந்தோட்ட விழாவின் துணை நிகழ்ச்சியாகப் பிறந்தது.

அதன் ஏழாவது கண்காட்சி 1982-இல் நடந்தது. ஜோசப் பாய்ஸ் என்ற சிற்பி அதற்கு ஒரு திட்டம் கொடுத்தார். காசெல் நகரத்துக்குள் 7,000 மரங்கள் நட வேண்டும். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஏறக்குறைய நான்கு அடி உயரமுள்ள ஒரு பசால்ட் கல்லையும் நிறுத்த வேண்டும். 1982 மார்ச் 16 அன்று, ஃப்ரிடெரிசியானும் என்ற அருங்காட்சியகத்தின் முன்னால் முதல் கருவாலி மரத்தை அவரே நட்டார். அந்த அருங்காட்சியகத்தின் எதிரே இருக்கும் திடலில் 7,000 கற்களையும் கொண்டுவந்து குவித்தார்கள்.

அந்தக் கற்குவியலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எரிமலைக் குழம்பு ஆறும்போது தானாகவே தூண் தூணாகப் பிளந்துகொள்ளும் பாறை அது. ஒவ்வொரு கல்லும் கரடுமுரடானது, கருமையானது. நகரத்தின் அழகான திடலில் அவை மலையாகக் கிடந்ததைப் பார்த்துப் பலருக்குக் கோபம் வந்தது. இதை எப்போது அகற்றுவீர்கள் என்று கேட்டார்கள். திட்டத்திலேயே பதில் இருந்தது. ஒரு மரத்தை நட்டால்தான் அங்கிருந்து ஒரு கல் நகரும். குவியல் பிடிக்காதவருக்கும் அதைக் கரைக்க ஒரே வழி மரம் நடுவதுதான். இன்னும் எத்தனை மரம் பாக்கி என்ற கணக்கு, கணக்குப் புத்தகத்தில் ஒளிந்திருக்காமல் ஊர் நடுவே எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது. வேலை நடந்தால் குவியல் சிறுக்கும். நின்றால் அப்படியே கிடக்கும். பல பேர் சேர்ந்து செய்யும் ஒரு வேலைக்கு இதைவிட நேர்மையான அறிவிப்புப் பலகை ஒன்றை நான் அறியேன்.

எங்கே நடுவது என்பதைப் பாய்ஸ் தனியாக முடிவு செய்யவில்லை. குடியிருப்போர், பள்ளிகள், மழலையர் பள்ளிகள், வட்டாரக் குழுக்கள், சங்கங்கள் என்று பலரும் இடம் சொன்னார்கள். இடம் சொல்லிவிட்டால் போதாது. தெருவின் அடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்டி நிறுத்தும் இடம் போகிறதே என்று வருந்துகிறவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். தார்ச்சாலையை வெட்டிக் குழி எடுக்க வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தைகளுக்கென்றே ஓர் அலுவலகம் இயங்கியது. ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் 500 மார்க் நன்கொடை. கொடுத்தவருக்கு ஒரு சான்றிதழ். 7,000 மரத்துக்கு 35 இலட்சம் மார்க் ஆகிறது. பணம் திரட்ட பாய்ஸ் ஜப்பானிய விஸ்கி விளம்பரம் ஒன்றில் நடித்தார். ரஷ்யப் பேரரசன் நான்காம் இவானின் மணிமுடியைப் போலச் செய்யப்பட்டிருந்த பொன்முடியைப் பலர் முன்னிலையில் உருக்கி, ஒரு முயலும் சூரியனுமாக வார்த்து விற்றார். அதிகாரத்தின் சின்னத்தை மரக்கன்றாக மாற்றிய அந்தச் செயலையும் நான் ஒரு சடங்காகவே பார்க்கிறேன்.

ஏழாயிரமும் கருவாலி அல்ல. மண்ணுக்கும் தெருவின் அகலத்துக்கும் ஏற்ப லிண்டன், மேப்பிள், ஆஷ் முதலான வேறு மரங்களையும் நட்டார்கள். வேலை ஐந்து வருடம் நீண்டது. நடுவில் 1986 ஜனவரி 23 அன்று பாய்ஸ் இறந்துபோனார். கலைஞர் போய்விட்டார், கலை நிற்கவில்லை. 1987 ஜூன் 12 அன்று, அடுத்த டாக்குமெண்டாவின் தொடக்கத்தில், அவருடைய மகன் வென்சல் கடைசி மரத்தை முதல் மரத்தின் அருகிலேயே நட்டார். திடலில் குவியல் இல்லை.

நட்ட அன்று கல் பெரிதாகவும் கன்று சிறிதாகவும் இருந்தன. சில வருடங்களில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தன. இன்று காசெல் தெருக்களில் மரத்தின் காலடியில் கல் சிறுத்து நிற்கிறது. கல் வளராது, அதனால் மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொண்டே இருக்கிறது. மரம் பட்டுப்போனால் அந்த இடத்தில் வேறு மரம் வைக்கிறார்கள். நகராட்சியும் இதற்கென ஏற்பட்ட ஓர் அறக்கட்டளையும் இந்த மரங்களைக் கவனிக்கின்றன. கிளை கழிப்பது, நோய் பார்ப்பது, சாலை தோண்டும்போது வேரைக் காப்பது என்று அலுவலகக் கோப்புகளில் போகும் வேலைகள் எல்லாமே அந்தக் கலைப்படைப்பின் பகுதிதான். அருங்காட்சியகம் ஓர் ஓவியத்தைக் காப்பதுபோல ஒரு நகரம் தன் தெருமரங்களைக் காக்கும்படி பாய்ஸ் செய்துவிட்டார். அவருடைய சாதனைகளில் இதையே முதன்மையானதாக நான் மதிக்கிறேன்.

கை குலுக்கிய கலைஞர்

காசெலில் பாய்ஸ் முதல் மரத்தை நடுவதற்கு முன்பே, நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூக்கலீஸ் என்ற பெண், பராமரிப்பு என்ற சொல்லைக் கலையின் நடுவே கொண்டுவந்து வைத்திருந்தார். அவருக்கு 1968-இல் முதல் குழந்தை பிறந்தது. பால் கொடுப்பது, துணி துவைப்பது, தரை துடைப்பது என்று நாள் முழுவதும் போயிற்று. கலைஞர் என்று அவரை மதித்தவர்களுக்கு இந்த வேலைகள் கண்ணில் படவில்லை. 1969-இல் அவர் பராமரிப்புக் கலைக்கான அறிக்கை ஒன்றை எழுதினார். புதியதை உண்டாக்குவதற்குக் கிடைக்கும் புகழ், உண்டாக்கியதைக் காப்பாற்றும் வேலைக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே அதன் மையக் கேள்வி. தான் வீட்டில் செய்யும் வேலையையே இனி கலையாகச் செய்யப்போவதாக அறிவித்தார்.

சொன்னபடி செய்தார். 1973-இல் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தின் வாட்ஸ்வர்த் அருங்காட்சியகத்தில் வாசல் படிகளையும் தரையையும் பார்வையாளர்கள் நடமாடும் நேரத்திலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவினார். 1976-இல் மன்ஹாட்டனின் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை பார்த்த 300 துப்புரவு, பராமரிப்புத் தொழிலாளர்களிடம், உங்கள் வேலை நேரத்தில் தினம் ஒரு மணி நேரத்தை மட்டும் கலை என்று நினைத்துச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் வேலை செய்வதைப் படமெடுத்து, இப்போது நீங்கள் செய்துகொண்டிருந்தது வேலையா, கலையா என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதைப் படத்தில் குறித்தார். அதே கட்டடத்தில் இருந்த கலைக்கூடத்தின் சுவரில் அப்படி 700-க்கும் மேற்பட்ட படங்கள் ஏறின.

1977-இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் கலைஞராகச் சம்பளம் இல்லாமல் சேர்ந்தார். 1979 முதல் 1980 வரை நகரத்தின் எல்லா வட்டாரங்களுக்கும் போய், அந்தத் துறையின் 8,500 தொழிலாளர்களையும் ஒருவர் விடாமல் சந்தித்து, கை குலுக்கி, இந்த நகரம் உயிரோடு இருப்பது உங்களால்தான் என்று நன்றி சொன்னார். அதிகாலையில் அவர்கள் வேலைக்குக் கூடும் கொட்டகையில் போய் நின்றார். வண்டியோடு நடந்தார். குப்பைத் தொட்டியைத் தூக்கும் அவர்களுடைய உடல் அசைவுகளைப் பின்னால் நின்று தானும் செய்து காட்டினார். மக்கள் தங்களை எப்படியெல்லாம் வைது கூப்பிடுகிறார்கள் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். 1984-இல் அந்த வசவுச் சொற்களைக் கட்டட முகப்பின் கண்ணாடிகளில் எழுதச் செய்து, நகரத்தின் பல துறைகளைச் சேர்ந்தவர்களை அழைத்து, அவர்கள் கையாலேயே கழுவித் துடைக்கவைத்தார்.

கை குலுக்குவது எல்லோருக்கும் தெரிந்த மிகச் சாதாரணமான சடங்கு. அதை 8,500 முறை செய்தபோது ஒரு நகரம் தன் கீழ்வரிசையில் வைத்திருந்த மனிதர்களின் முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதாயிற்று. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்காமல் என்னால் நகர முடியாது. சடங்கு, மரபு என்று பெருமையோடு பேசுகிறோம். அந்த மரபில் யார் கையில் விளக்குமாறு கொடுக்கப்பட்டது, எந்தத் தெருவில் யார் நடக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது, எந்த மரத்தடிக்கு யார் வரக் கூடாது என்று தடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். கோலம் அழகு, அதற்காக நாலரை மணிக்கு எழ வேண்டியவர் வீட்டில் எப்போதும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில் அழகு எதுவும் இல்லை. கூட்டுக் கலைக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. சடங்கை எடுத்துக்கொள்ளும்போது அதன் முறையை மாற்றி எழுதலாம். வாளி இதுவரை தொடாத கைக்குப் போகலாம். இதுவரை ஒதுக்கப்பட்டவர் முதல் இழையை இழுக்கலாம்.

அந்நியர்களுக்கு நடுவே ஒரு சிறு சடங்கைப் புதிதாக உண்டாக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தைவானில் பிறந்த லீ மிங்வெய் என்ற கலைஞர் 2009-இல் ஒரு நீண்ட கருங்கல் மேடையின் நடுவே பிளவு ஏற்படுத்தி, அதில் பூக்களைச் செருகிவைத்தார். யார் வேண்டுமானாலும் ஒரு பூவை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வீடு திரும்பும்போது வழக்கமான வழியை விட்டு விலகிப் போக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்தப் பூவைக் கொடுக்க வேண்டும். பிற்பாடு, மியான்மர் கோயில்களில் தொண்டர்கள் பாதையைப் பெருக்குவதைப் பார்த்த தூண்டுதலில், அருங்காட்சியகத் தரையில் அரிசி மணிகளைப் பரப்பி, நடனக் கலைஞர்கள் முறைவைத்து அதைத் துடைப்பத்தால் தள்ளிப் பெருக்கிக்கொண்டேயிருக்கும் ஒரு படைப்பையும் செய்தார். ஒருவர் முறை முடிந்ததும் துடைப்பம் அடுத்தவர் கைக்குப் போகும். இரண்டிலும் பார்வையாளருக்கோ கலைஞருக்கோ செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

நம் தெருமரங்கள்

மரத்தையும் சடங்கையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. கோயிலுக்குக் கோயில் தலவிருட்சம் இருக்கிறது. மயிலாப்பூருக்குப் புன்னை, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்நாவல், சிதம்பரத்துக்குத் தில்லை. அரசையும் வேம்பையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுக் கல்யாணம் செய்துவைப்போம். ஆடி மாதத்தில் வேம்புக்கு மஞ்சள் துணி கட்டுவோம். நகரத்து நெருக்கடியில் பல பழைய மரங்கள் கோடரிக்குத் தப்பியதற்கு அந்த மஞ்சள் துணியும் ஒரு காரணம்.

அதே தெருவில் பத்தடி தள்ளி நிற்கும் மரத்தின் நிலையைப் பாருங்கள். தூரைச் சுற்றி ஒரு விரல்கூட இடைவெளி விடாமல் சிமெண்ட் பூசியிருக்கும். மழைநீர் இறங்க வழியில்லை. விளம்பரத் தகடுகளை ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். தகடு துருப்பிடித்து விழுந்தபிறகும் ஆணி உள்ளேயே இருக்கும், அதைச் சுற்றிப் பட்டை வீங்கியிருக்கும். கன்றாக இருந்தபோது பாதுகாப்புக்கு வைத்த இரும்புக் கூண்டைக் கழற்ற ஆள் வராததால், கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்து, தண்டை இறுக்கிக்கொண்டிருக்கும். கூண்டில் நன்கொடையாளர் பெயர் மட்டும் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. காற்று கடுமையானதுதான். ஆனால் வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டித் தோண்டி வேரை வெட்டிவிட்டு, மிச்ச வேருக்கும் மண் கிடைக்காமல் மூடிவிட்டால், எந்த மரத்தால் தாக்குப்பிடிக்க முடியும்?

நடுவதற்கு நாம் விழா எடுக்கிறோம். கூண்டைக் கழற்றவும், சிமெண்டை உடைக்கவும், ஆணியைப் பிடுங்கவும் விழா எடுப்பதில்லை. கலைஞர்கள் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு தெருவில் ஓவியர்களும் குடியிருப்போரும் சேர்ந்து ஒரு நாள் ஆணிகளைப் பிடுங்கி, பிடுங்கிய ஆணிகளையெல்லாம் உருக்கி அந்தத் தெருவுக்கே ஒரு மணி செய்து மாட்டினால் அதுவும் கலைதான். தண்ணீர் ஊற்றும் நேரத்தை அந்த மணி சொல்லட்டும்.

நம் வீடுகளில் ஏற்கனவே நடக்கும் ஒரு வேலையை நினைத்துப் பாருங்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுவோம். புளித்த மோரையும் கரைத்து ஊற்றுவோம். யாரும் சொல்லிக்கொடுத்துப் பழகியதில்லை. சமையலோடு சமையலாக நடக்கிறது. அந்தப் பாத்திரம் வாசலைத் தாண்டி இன்னும் இருபது அடி நடந்து தெருவோரப் புங்கங்கன்றுக்குப் போவதுதான் நான் விரும்பும் கூட்டுக் கலையின் தொடக்கம். கன்றைச் சுற்றி மண் தெரியும்படி இரண்டடி வட்டம் திறந்திருக்கட்டும். அந்த வட்டத்தின் விளிம்பில் தண்ணீர் ஊற்றியவர் அன்றைய கோலத்தைப் போடட்டும். ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி, பள்ளிப் பையனானாலும் சரி. கோலம் புதிதாக இருந்தால் கன்றுக்குத் தண்ணீர் ஆயிற்று என்று பொருள். கலைந்த பழைய கோலம் என்றால் யாரோ முறை தவறியிருக்கிறார். பார்க்கிறவர் ஒரு குடம் கொண்டுவருவார். காசெலின் கற்குவியல் செய்த வேலையை இங்கே ஒரு பிடி மாவு செய்யும்.

கலைஞர்களிடமும் நிதி தருவோரிடமும்

இதை நடைமுறைக்குக் கொண்டுவர என்ன வேண்டும் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலில், இடத்தையும் மரத்தையும் தெருவில் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். இஸ்திரிக்காரர் தன் வண்டிக்கு நிழல் எங்கே வேண்டும் என்று சொல்வார். பேருந்துக்காகக் காத்திருக்கும் பாட்டி தனக்கு எங்கே வெயில் அடிக்கிறது என்று சொல்வார். வரைபடத்தைப் பார்த்துக் கன்று வைத்தால் வைத்தவருக்குத்தான் சொந்தம். கேட்டு வைத்தால் கேட்கப்பட்டவருக்கும் சொந்தம்.

இரண்டாவது, நடும் நாளிலேயே முறை எழுதப்பட வேண்டும். எந்த வாரம் எந்த வீடு, வெளியூர் போனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஓவியர் ஒருவர் அழகான பலகையாக எழுதித் தெருமுனையில் மாட்டட்டும். நன்கொடையாளர் பெயர் பின்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பெயர். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் நமக்காக அதைச் செய்கிறார் என்றால் அவர் பெயர் முதல் வரியில் வர வேண்டும். அவருடைய நேரத்துக்குக் கூலியும் தர வேண்டும். நன்றி மட்டும் சொல்லி வேலை வாங்குவது பங்கேற்பு ஆகாது.

மூன்றாவது, பணம். தெருவோரக் கன்று வேர்பிடித்துத் தானாக நிற்கக் குறைந்தது இரண்டு மூன்று கோடையாவது ஆகும். ஆகவே நிதி தரும் நிறுவனங்களும் மாநகராட்சிகளும் கலைத் திட்டங்களுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியைத் தொடக்க விழாவுக்குப் பிந்தைய மூன்று வருடத்துக்கு என்று எழுதிவைக்க வேண்டும். கன்று பட்டுப்போனால் மறைக்காமல் அறிவித்து, வேறு கன்று வைக்க அதில் இடம் இருக்க வேண்டும். கணக்குக் கேட்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, மூன்றாவது கோடையில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, அதற்கு இன்றும் தண்ணீர் ஊற்றுகிறவர் யார் என்று கேளுங்கள்.

மாணவர்களே, உங்களில் பலர் கலைஞர்களாகப் போகிறீர்கள். உங்கள் படைப்பில் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம். பாய்ஸ் பெயரும் யூக்கலீஸ் பெயரும் நிலைத்திருக்கின்றன. அவர்களுடைய வேலையை இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏற்றுக்கொண்டதால் நிலைத்திருக்கின்றன. நீங்கள் ஒரு தெருவுக்குப் போகும்போது வண்ணத்தோடு போங்கள், கூடவே அந்தத் தெருவில் மூன்று வருடம் இருக்கும் மனத்தோடும் போங்கள். அங்கே ஏற்கனவே தினமும் நடக்கும் வேலைகளை முதலில் கவனியுங்கள். அவற்றைச் செய்கிறவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரை விட்டுப் போனபிறகும் உங்கள் படைப்பை யார் தொடர்வார் என்று முடிவு செய்துவிட்டு முதல் கோட்டைப் போடுங்கள். அப்படிச் செய்யப்படும் கலை இந்த நகரங்களுக்கு நிழலையும் தரும், ஒருவரையொருவர் விசாரிக்கும் பழக்கத்தையும் திருப்பித் தரும்.